கண்ணைப் பார்த்துப் பேசாத சாம்பியன்கள்



போன வருடம் ஸ்போர்ட்ஸ் டே பிராக்டீஸ் நடந்தபோது நம் கிரவுண்டில் ஒரு பையனைப் பார்த்திருப்பீர்கள். தினமும் சாயங்காலம் சரியாக 4.40-க்கு வருவான். வேப்ப மரத்தடியில் ஒரே இடத்தில்தான் பையை வைப்பான். இடது கால் ஷூவைத்தான் முதலில் போடுவான். 12 ரவுண்டு ஓடுவான். 11 இல்லை, 13 இல்லை... 12! மழை தூறினாலும் 12. "டேய், வாடா டீ சாப்பிடலாம்" என்று யாராவது கூப்பிட்டால் காதிலேயே வாங்க மாட்டான். விசில் அடித்தால் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். நம்மிடம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டான். சட்டைப் பித்தானைப் பார்த்துத்தான் பேசுவான்.

அவனுக்கு ‘ரோபோ’ என்று பெயர் வைத்தோம். ‘வைத்தோம்’ என்று பன்மையில் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். வைத்தது நான்தான். பத்து நாளில் ஹாஸ்டல் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அவன் டைனிங் ஹாலுக்குள் நுழைந்தால் நாலு பேர் மெஷின் மாதிரி கையை ஆட்டிக்காட்டுவார்கள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தான். அப்போதும் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

(இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "பேர் போடாத. ரவுண்டு எண்ணிக்கைய மட்டும் தப்பா போட்றாத" என்றான்.)

அதன் பிறகு ஒரு நாள் விளையாட்டுச் செய்திகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீராங்கனையைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டது. லூசி ப்ரான்ஸ். ப்ரான்ஸ் என்றால் வெண்கலம்தானே, ஆனால் அம்மணி வாங்கிக் குவித்ததில் முதல் பரிசுகள் ஏராளம்! இங்கிலாந்து பெண்கள் கால்பந்து அணியின் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர். ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை 5 முறை வென்றவர்: லியோன் அணியில் 3 முறை, பார்சிலோனாவில் 2 முறை. 2020-ல் உலகின் சிறந்த வீராங்கனைக்கான ஃபிஃபா விருதும் அவருக்குத்தான். இப்படிப்பட்டவர் 2025 மார்ச்சில் பி.பி.சி.க்கு அளித்த பேட்டியில், தனக்கு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் இருப்பதாகச் சொன்னார். 2021-லேயே டாக்டர்கள் உறுதி செய்துவிட்டார்களாம்.

கால்பந்தின் மேல் உங்களுக்கு ரொம்ப ஆர்வம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது ஆர்வம் இல்லை, வெறி, அந்த வெறிதான் என் ஆட்டிசம் என்கிற பொருளில் அவர் பேசியிருந்தார். இங்கிலாந்து அணிக்குள் வந்த புதிதில் எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது. யாராவது கட்டிப்பிடித்தால் கூச்சம். மற்றவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாராம்.

கண்ணைப் பார்த்துப் பேசாதவர்... எனக்கு உடனே அந்தச் சட்டைப் பித்தான் ஞாபகம்தான் வந்தது.

ஆட்டிசம் என்பது என்ன?

முதலில் ஒன்று. இது நோய் அல்ல. தொற்றாது, மாத்திரை போட்டுப் போகாது. பிறவியிலேயே மூளையின் வயரிங் கொஞ்சம் வேறு மாதிரி அமைந்திருப்பது, அவ்வளவுதான். தமிழில் ‘மதியிறுக்கம்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஏதோ மதி சுருங்கிப்போன மாதிரி இருக்கிறது. அதனால் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைக் கவனித்து விரிவாக எழுதினார். அடுத்த வருடமே வியன்னாவில் ஆஸ்பெர்ஜர் என்பவர் இதே மாதிரி சில பையன்களைப் பற்றி எழுதினார். ரொம்ப காலம் ‘ஆஸ்பெர்ஜர்’ என்று தனிப் பெயர் இருந்தது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இரண்டையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசத்துக்குத் தனியாக இடம் உண்டு.

அந்தக் குடை ரொம்பப் பெரியது. பேச்சே வராத குழந்தையும் அதற்குள் இருக்கும், பேராசிரியரும் இருப்பார். இருந்தாலும் சில குணங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரே விஷயத்தில் ஆழமாக மூழ்கிப்போவது, செய்ததையே அதே ஒழுங்கில் செய்வது, சொன்ன சொல்லை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது, பிறர் முகக்குறிப்பைப் படிக்கச் சிரமப்படுவது, சத்தம், வெளிச்சம், தொடுதல் இவற்றைத் தாங்க முடியாமல் போவது.

இந்தச் சத்த விஷயம் எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்குச் சட்டென்று புரியும். கோயில் திருவிழாவில் மைக்செட் போடுகிற அண்ணன் ஆம்ப்ளிஃபையரில் கெயினை ஏற்றிவிட்டார் என்று வையுங்கள். பேசுகிறவர் குரல் மட்டுமா கேட்கும்? ஃபேன் ஓடுவது, நாற்காலி இழுப்பது, பின்னால் யாரோ இருமுவது என்று எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக வரும். நம் மூளைக்குள் ஒரு ஃபில்டர் இருக்கிறது. வேண்டாததை அது வடிகட்டிவிடுவதால்தான் ஒர்க்‌ஷாப்பில் நாலு லேத் ஓடும்போதும் நம்மால் அரட்டை அடிக்க முடிகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த ஃபில்டர் அப்படி வேலை செய்வதில்லை, எல்லாமே முழு வால்யூமில் உள்ளே வருகிறது. விசிலுக்குக் காதைப் பொத்துவது நடிப்பு இல்லை நண்பர்களே, நிஜமாகவே வலிக்கும்!

இப்போது அதே குணங்களை மைதானத்துக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒரே ஷாட்டை ஆயிரம் தடவை அலுக்காமல் அடிக்க வேண்டும். தினமும் அதே நேரம், அதே பயிற்சி. விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன, கோட்டுக்கு உள்ளே, கோட்டுக்கு வெளியே, குழப்பமே இல்லை! கேன்டீனில் ‘வளைந்து கொடுக்காதவன்’ என்று நாம் சொல்கிறவனுக்குக் கிரவுண்டில் என்ன பெயர்? ஒழுக்கமான ஆட்டக்காரன். குணம் ஒன்றுதான், நிற்கிற இடம்தான் வேறு.

தண்ணீருக்குள் ஒருவர்

ஹவாய்த் தீவுகளில் மாவி என்று ஒரு தீவு. அங்கே வளர்ந்தவர் கிளே மார்சோ, அலைச்சறுக்கு வீரர். சின்ன வயதிலிருந்தே மணிக்கணக்கில் கடலில் கிடப்பார். 15 வயதில் அமெரிக்க அளவிலான போட்டியில் நடுவர்களிடம் பத்துக்குப் பத்து வாங்கியவர். அலை எங்கே உடையும், எந்த நொடியில் பலகையைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நல்ல அலை கிடைத்துவிட்டால் இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வார், குழந்தை மாதிரி.

கரைக்கு வந்தால்தான் கஷ்டம். பேட்டி கொடுக்க வராது. ரசிகர்கள் சூழ்ந்தால் நழுவிவிடுவார். "என்ன திமிர் இவனுக்கு" என்றார்கள். 2007-ல்தான் அவருக்கு ஆஸ்பெர்ஜர் என்று தெரிந்தது. அதுவரை அவருக்கும் தெரியாது, திட்டியவர்களுக்கும் தெரியாது. அடுத்த வருடம் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமே வந்தது, பெயர் ‘ஜஸ்ட் ஆட் வாட்டர்’. தண்ணீரை மட்டும் சேர்த்தால் போதும், ஆள் முழுசாகிவிடுவார் என்று அந்தத் தலைப்புக்கு நானாக அர்த்தம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. அலைச்சறுக்குப் போட்டி என்றால் கூட்டம், ஒலிபெருக்கி, அரைமணி நேரக் கெடு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நல்ல அலைக்காகக் காத்திருக்கிறவருக்கு அந்த அரைமணிக் கணக்கு ஒத்துவரவில்லை. திறமைக்கு ஏற்ற உலகப் பட்டம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. தோற்றது அவரா, போட்டியை நடத்துகிற முறையா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரிகிறது. நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

பூஜ்யம் வாங்கியவர்

கூடைப்பந்து ரசிகர்களுக்கு டோனி ஸ்னெல்லைத் தெரியாமல் இருக்காது. 2013-ல் சிகாகோ புல்ஸ் அணி 20-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர். என்.பி.ஏ.வில் 9 சீசன் ஆடினார். நல்ல உயரம், நீளமான கை, வாயைத் திறந்து பேச மாட்டார். மூலையில் தனக்கென்று ஒரு இடத்தில் நிற்பார், பந்து வந்தால் கூடைக்கு எறிவார், வராவிட்டால் தடுப்பாட்டம் ஆடுவார்.

2017 பிப்ரவரியில் ஒரு ஆட்டம். 28 நிமிடம் களத்தில் இருந்தார். ஸ்கோர் கணக்கில் அவர் பெயருக்கு நேரே புள்ளி 0, ரீபவுண்ட் 0, அசிஸ்ட் 0, எல்லாமே 0! உலகம் முழுக்கச் சிரித்தார்கள். இன்றுவரை அந்த ஸ்கோர் கார்டைப் போட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே ஸ்னெல் 2020-21 சீசனில் அட்லாண்டா அணிக்காக ஆடியபோது மூன்று புள்ளி ஷாட்டுகளில் 56.9 சதவீதம் கூடைக்குள் போட்டார். ஃப்ரீ த்ரோ 100 சதவீதம், ஒன்றுகூடத் தவறவில்லை! (அவர் எறிந்த எண்ணிக்கை குறைவு, அதனால் லீக்கின் தரவரிசையில் இது சேராது. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?) இதைப் போட்டுக் கொண்டாடியவர்கள் எத்தனை பேர்?

பிறகு அவருடைய மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மகனைப் பார்த்த அப்பாவுக்குத் தன் பால்ய காலம் ஞாபகம் வந்தது. தனியாக விளையாடியது, யாரோடும் ஒட்டாமல் இருந்தது... தானும் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். 31 வயதில் அவருக்கும் ஆட்டிசம் என்று உறுதியானது. 2023 ஜூனில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்து வெளிப்படையாகச் சொன்னார். இத்தனை வருட வாழ்க்கைக்கும் இப்போதுதான் அர்த்தம் புரிந்தது என்கிற மாதிரி ஒரு நிம்மதி அவர் பேச்சில் இருந்தது.

அதே பேட்டியில் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சின்ன வயதிலேயே இது தெரிந்திருந்தால் நான் என்.பி.ஏ.வுக்கே வந்திருக்க மாட்டேன், இவனால் இவ்வளவுதான் முடியும் என்று எனக்கு ஒரு எல்லை கட்டியிருப்பார்கள் என்றார். யோசித்துப் பாருங்கள். பெயர் தெரியாதவரை ‘விசித்திரப் பிறவி’ என்று சிரிப்பார்கள். பெயர் தெரிந்துவிட்டால் ‘பாவம், உன்னால் முடியாது’ என்று உட்கார வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒருவன் எந்தப் பக்கம் போவான்?

கைதட்டலுக்கும் ஒரு எல்லை உண்டு என்பதையும் ஸ்னெல் விஷயத்தில் பார்த்தேன். 10 சீசன் முடித்தால்தான் ஓய்வுக்குப் பிறகு குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்பது அங்கே ஆட்டக்காரர் சங்கத் திட்டத்தின் விதி. இவருக்கு ஒன்றே ஒன்று குறைந்தது. பிள்ளைகளுக்கு அந்தக் காப்பீடு தேவை. 2024 பிப்ரவரிக்குள் ஏதாவது ஒரு அணி ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். பத்திரிகைகள் எழுதின, ரசிகர்கள் உருகினார்கள். எந்த அணியும் கூப்பிடவில்லை.

4 நிமிடத்துக்குள் ஒரு மைல்

ஸ்னெல்லுக்கு நேர் எதிர்க் கதை மைக்கி பிரானிகனுடையது. நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் வளர்ந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே ஆட்டிசம் என்று தெரிந்துவிட்டது. பேச்சு வரவே வருடக்கணக்காயிற்று. பையன் வீட்டில் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறானே என்று சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு ஓட்டக் கிளப்பில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தொடங்கிய ஓட்டம்தான்!

1954-ல் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடி உலகத்தையே வாய்பிளக்க வைத்தார் அல்லவா? 1609 மீட்டர். நம் கிரவுண்டில் நாலு ரவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம் (நான் ஓடினால் எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள்!). பிரானிகன் 2016 ஆகஸ்டில் அதை 3 நிமிடம் 57.58 நொடியில் ஓடி முடித்தார். டி-20 பிரிவு வீரர்களில் 4 நிமிடத்தை உடைத்த முதல் ஆள் அவர்தான். அடுத்த மாதமே ரியோ பாராலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம். டி-20 என்பது அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவு. ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் அந்தக் குறைபாடு இருக்காது, ப்ரான்ஸுக்கும் ஸ்னெல்லுக்கும் கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இவரை எடுத்துக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்கள் ஆசைப்பட்டன. ஆனால் கல்லூரி விளையாட்டுக்கு அங்கே படிப்புத் தகுதி கட்டாயம், அந்தப் பரீட்சைச் சுவரை அவரால் தாண்ட முடியவில்லை. அரியர் வைத்திருக்கிற நம்மில் பலருக்கு அந்த வலி கொஞ்சமாவது புரியும்.

ஒரு எச்சரிக்கை

இதையெல்லாம் படித்துவிட்டு ஊரில் இருக்கிற ஆட்டக்காரர் எல்லோருக்கும் ஆட்டிசம் பட்டம் கட்டக் கிளம்பிவிடாதீர்கள். 2013 வாக்கில் மெஸ்ஸிக்கு ஆஸ்பெர்ஜர் என்று ஒரு வதந்தி கிளம்பி ஓடியது. அவர் சொன்னதும் இல்லை, அவர் குடும்பம் சொன்னதும் இல்லை. அமைதியானவர், பேட்டியில் கூச்சப்படுகிறவர், பந்து காலில் பட்டால் ஆளே மாறிவிடுகிறவர், அதை வைத்து ஊரே டாக்டராகிவிட்டது! டி.வி.யில் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை இது. பயிற்சி பெற்ற நிபுணர் பல மணி நேரம் பேசி, பழைய விவரங்களைக் கேட்டு முடிவு செய்வது. அதை வெளியே சொல்லலாமா வேண்டாமா என்பதும் அவரவர் உரிமை. ப்ரான்ஸ் 2021-ல் தெரிந்ததை 2025-ல்தான் சொன்னார். அந்த நாலு வருடம் அவருடையது.

இன்னொன்றும் உண்டு. ஆட்டிசம் ஏதோ வரப்பிரசாதம் என்பது போல் ‘சூப்பர் பவர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குக் கை கால் ஒருங்கிணைப்பே சிரமம். பந்து பிடிக்க வராது, சைக்கிள் பழகத் தாமதமாகும், பி.டி. பீரியட் என்றாலே நடுக்கம். தங்கம் வாங்கினால்தான் மதிப்போம் என்றால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மற்றவர்களைப் பார்த்துக் காப்பியடித்துச் சிரிப்பது, வலிந்து கண்ணைப் பார்ப்பது, இதற்கு ‘முகமூடி போடுவது’ என்றே ஆங்கிலத்தில் பெயர். நாள் முழுக்க அந்த முகமூடியைச் சுமந்தால் ராத்திரி ஆள் சுருண்டுவிடுவார். பெண்கள் இதில் இன்னும் கெட்டிக்காரர்களாம். அதனாலேயே பலருக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிய வருகிறது.

ப்ரான்ஸ் சின்ன வயதில் ஆடியது இங்கிலாந்தின் சண்டர்லாந்து கிளப்பில். அந்த ஊர் கால்பந்து மைதானத்தில் 2015-ல் ஒரு அறை திறந்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் கூட்டத்தின் இரைச்சல் இல்லாமல், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பதற்கு. கேட்டு வாங்கியது அப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற அப்பா அம்மா. இப்போது அமெரிக்காவில் பல கூடைப்பந்து அரங்குகளிலும் இப்படி அறைகள் வந்துவிட்டன. கேட்டது பெரிய விஷயமா? ஒரு அறை, ஒரு கண்ணாடி.

ப்ரான்ஸைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. சுவீடனிடம் இங்கிலாந்து 0-2 என்று பின்தங்கியிருந்தது. 79-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். ஆட்டம் 2-2 ஆகி, பெனால்டி வரைக்கும் போய், இங்கிலாந்தின் கடைசி உதையையும் அவரே கோலாக்கினார். கோப்பையை வென்ற பிறகுதான் சொல்கிறார், போட்டித் தொடர் முழுக்க முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவோடு ஆடினேன் என்று! இதற்கு ஆட்டிசம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் முழுப் பெயரிலேயே ‘டஃப்’ என்று ஒரு சொல் இருக்கிறது, அம்மா வழிக் குடும்பப் பெயர். அது போதும்.

நம் 12 ரவுண்டு நண்பனுக்கு என்ன இருக்கிறது, இல்லை என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இந்த வருட ஸ்போர்ட்ஸ் டேவுக்கு முன்னால் அவனிடம் போய், "1500 மீட்டருக்குப் பேர் கொடேன்டா" என்றேன். பித்தானைப் பார்த்துக்கொண்டே, "ஸ்டார்ட்டுக்குக் கட்டைய அடிப்பாங்க. அந்தச் சத்தம் முடியாது" என்றான். பி.டி. சாரிடம் போய்ச் சொன்னோம். சார் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கொடி அசைச்சா போதுமாப்பா?" என்று கேட்டார்.

கொடி அசைத்தார்கள். மூன்றாவதாக வந்தான். எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்கவில்லை, 12 ரவுண்டு கணக்கு முடிகிற வரைக்கும் ஓடிவிட்டுத்தான் வந்தான். பரிசளிப்பு விழாவே பத்து நிமிடம் தாமதமானது.